இருக்கையில் இருப்பவருக்கு

ஒன்பது இருபதுக்கு அவை கிளம்பும்.
இப்போது எட்டு ஐம்பத்தைந்து.
தேவாலயத்தின் மச்சில், ஓட்டுச் சரிவுக்கடியில்
நூற்று நாற்பது குதிரைலாட வௌவால்கள்
தம் சிறகையே போர்த்தித் தொங்குகின்றன.
கீழே, யாரும் மண்டியிடாத பழைய
பாவசங்கீர்த்தனப் பெட்டியின் மேல்
என் மடிக்கணினி.
அதன் விலாவில் செருகிய ஒலிவாங்கிக்கு
நம் காதுக்கு எட்டாதது கேட்கும்.

நான் காரில் இருக்கிறேன்.
கண்ணாடியில் தூறல். பின்னிருக்கையில் வீதா
வாய் பிளந்து தூங்குகிறாள்.
சாலைக்கு அப்பால் செர்க்னித்சா ஏரி,
அதாவது போன மாதம் வரை ஏரி; இப்போது புல்.
மடியில் இன்னொரு கணினியை வைத்துக்கொண்டு
மச்சுக்குச் சொல்லியனுப்புகிறேன்: பதிவு செய்.

அனுமதி மறுக்கப்பட்டது.

நேற்று சமையலறை மேசையில் மறுக்கவில்லையே.
ஒலிவாங்கிக்கு முன் சாவிக்கொத்தைக் குலுக்கினேன்,
திரை முழுக்கப் பச்சைத் தீற்றல்கள்.
அதற்கு முந்தைய வாரம்தான் விதிக்கோப்புக்கு
தொண்ணூற்றொன்பது என்று எண்ணிட்டு
எழுபத்துமூன்றுக்கு முன்னால் வர வேண்டும் என்பது தெரியாமல்
இரண்டு மாலைகளைத் தொலைத்திருந்தேன்.
எழுபது என்று மாற்றினேன். திறந்தது.
அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பட்டியலைக் கேட்கிறேன். சாதனம் இருக்கிறது:
பஸ் இரண்டு, எண் ஏழு, உற்பத்தியாளர் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.
உரிமையாளர் ரூட். உரிமை வரிசையின் கடைசியில்
ஒரு சின்னக் கூட்டல் குறி.
அந்தக் கூட்டலுக்குள் யார்?
என் பெயர் இல்லை.
வரவேற்புத் திரையின் பெயர் இருக்கிறது.

வெளிச்சம் அவற்றைக் கலைக்குமே என்று
மச்சிலிருந்து இறங்குமுன் வெளியேறிவிட்டு வந்தேன்.
யார் முன்னால் அமர்ந்திருக்கிறாரோ அவருக்கே சாதனம்,
நானே எழுதிய விதி அது.
அங்கே இப்போது அமர்ந்திருப்பது
கடவுச்சொல் கேட்டுக் காத்திருக்கும் ஒரு கட்டம்.

மத்தியானம் கோவில்பிள்ளை லோவ்ரென்ட்ஸ்
மச்சுச் சாவியைத் தரும்போது சொன்னார்:
"ஊருக்குள் இருக்கும்வரை உன் கையில்.
பாலத்தைத் தாண்டினால் என் கையில்.
இருப்பது இந்த ஒரே சாவி."
தலையாட்டி வாங்கினேன்.

ஒன்பது மூன்று.
சூடோ என்று ஒரு வார்த்தை போதும், எல்லாம் திறக்கும்.
போன ஜூனில் அப்படித்தான் திறந்தேன்.
மூன்று இரவுகளும் ரூட்டின் பெயரில் சேர்ந்து,
வீதாவின் நிரல் ஒன்றையும் தொட மாட்டேன் என்றது.
அவளும் என்னோடு அரைநாள் பேசவில்லை.

ஆக, குழு.
நெதோபிர் என்று பெயர் வைக்கிறேன்,
இங்கத்து மொழியில் வௌவால்.
என்னை அதில் சேர்க்கிறேன்,
'சேர்' என்பதற்கான அந்த ஒற்றை எழுத்தை
இரண்டு முறை சரிபார்த்து.
அதை ஒருமுறை விட்டுவிட்டு
பழைய குழுக்கள் அத்தனையிலிருந்தும்
என்னை நானே விலக்கிக்கொண்டவள் நான்.
விதியில் ஒரு வரி. மறுபடி வாசி. தூண்டு.
கழற்றிச் செருக நாற்பது படி ஏற வேண்டாம்.

பதிவு செய்.
மறுக்கப்பட்டது.

ஸ்டியரிங்கை அறைகிறேன், ஹாரன் அலறுகிறது.
"என்ன ஆச்சு?" என்று எழுகிறாள் வீதா.
"உள்ளே சேர்த்துவிட்டேன், உள்ளே விடமாட்டேன் என்கிறது."
"வெளியே போய்விட்டு வந்தாயா?"
கேட்டுவிட்டு மறுபடி தூங்கிப்போகிறாள்.

இணைப்பை அறுக்கிறேன். மீண்டும் நுழைகிறேன்.
ஒன்பது பதினெட்டு. திரை ஓடத் தொடங்குகிறது,
வெறும் சாம்பல்.

பிறகு நூற்றுப் பத்து கிலோஹெர்ட்ஸில்
ஸ்கேல் வைத்து இழுத்தாற்போல் ஒரு கோடு.
இன்னொன்று. ஏழு. எண்ண முடியவில்லை.
மூச்சை விட்டபோதுதான்
பிடித்துவைத்திருந்தது தெரிந்தது.

கோடுகளுக்கு நடுவே திடீரென்று
மேலும் கீழும் சிதறிய பச்சைத் தீற்றல்கள்.
இது வௌவால் இல்லை.
எனக்குத் தெரிந்த தீற்றல்தான், நேற்று மேசையில் பார்த்தது.
சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிறேன்:
ஒரே சாவி, இங்கேதான் இருக்கிறது.

மேலே இருட்டில்
யாரோ ஒரு கொத்தோடு நடக்கிறார்.