அலகு

ஜனவரி. போட்ஸ்ஃபியோர்டில் சூரியன் விடுப்பில் இருக்கிறது.
பகல் பதினொன்றுக்கும் துறைமுக விளக்குகள் எரிகின்றன.
அய்லிஃப் படகிலிருந்து கொண்டுவந்த வாளி
கதவருகே நிற்கிறது:
காட் மீனின் ஈரல், வெண்ணெய் நிறம்,
தொட்டால் விரல் வழுக்கும்.

குன்வோர் அடுப்பைப் பற்றவைக்கவில்லை.
ஒன்பதாவது வாரம்.
மேசையில் மூன்று புட்டிகள்.
ஒன்று மைக்ரோகிராமில் பேசுகிறது.
ஒன்று, அக்கா தூருன் எப்போதோ அமெரிக்காவிலிருந்து அனுப்பியது,
சர்வதேச அலகில்.
மூன்றாவதில் வெறும் விழுக்காடு.
நூற்றுப்பத்தாம். எதில் நூற்றுப்பத்து?
யாருடைய உடம்பில்?

காலையில் ஒரு கரண்டி மீனெண்ணெய்,
பல் துலக்குவது மாதிரி ஒரு பழக்கம்.
எந்தக் கரண்டி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.
இன்று ஊசிக்குழலால் அளந்து பார்த்தாள்.
ஏழரை மில்லி.
ஏழரையேதான்.

தூருனின் புட்டியைத்தான் இலையுதிர்காலம் முழுக்கக் காலி செய்திருந்தாள்.
மின்கட்டண ரசீதின் முதுகில் பெருக்கினாள்.
ஆறாயிரம்.
கையேட்டில் ஒரு நாளின் எல்லை மூவாயிரம்.
பென்சில் உருண்டு கீழே விழுந்தது,
குனிந்து எடுக்கத் தோன்றவில்லை.

மருந்துக்கடை சுன்னிவா
யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்தபடி
தொலைபேசியில் சொன்னாள்:
"அது வேறு அலகு, குன்வோர்.
மூன்றால் பெருக்கு, பத்தால் வகு."
ஆயிரத்து எண்ணூறு.
மூச்சு திரும்பி வந்தது.
"கேரட்டைச் சேர்க்காதே, அது இந்தக் கணக்கில் இல்லை.
ஆமாம்... ஈரல் ஏதும் சாப்பிட்டாயா?"

அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு.
சரி.
எந்த அலகில் என்று
சொன்னவர் சொல்லாமலே போய்விட்டார்.

"எங்கள் வீட்டில் எட்டுப் பேர்,"
என்றான் அய்லிஃப் காலணியைக் கழற்றாமலே,
"குளிர்காலம் முழுக்க இதைத் தின்றுதான் வளர்ந்தோம்."
"எட்டு, பிறந்தவர்களின் கணக்கு,"
என்றாள் அவள்.
கோபமாகச் சொல்லவில்லை.
அவன் வெகுநேரம் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
அம்மா சில குளிர்காலங்களில்
காரணம் சொல்லாமல் படுத்தே கிடந்தது
அவனுக்கு இப்போதுதான் நினைவுக்கு வந்ததோ என்னவோ.
ஈரலால்தான் என்று யாரால் சொல்ல முடியும்?
அல்ல என்றும்தான்.

வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.
படகுத்துறை ஓரத்தில் கவிழ்த்த சத்தம் கேட்டது,
பிறகு இருட்டைக் கிழித்துக்கொண்டு கடற்காகங்கள்.
அலகு நிறைய ஈரலோடு ஒன்று
விளக்குக் கம்பத்தில் ஏறி உட்கார்ந்து
அப்படியே விழுங்கிற்று.

உள்ளே அவள் ரசீதைத் திருப்பிப் போட்டு
கட்ட வேண்டிய தொகைக்குக் கீழே
எண்ணிக்கொண்டிருந்தாள்:
கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனி, ஒரு தட்டு.
தூருன் வந்த அன்று இன்னொன்று.
அதற்குப் பிறகு ஒரு நாள்
பாதியா, முழுசா,
அடியில் ஒட்டியிருந்ததை ரொட்டியால் துடைத்துத் தின்றேனா?