ரெஜிபோம் பெட்டி

உருகாமல் வைக்கத்தான் இந்தப் பெட்டி.
நாற்பது கிலோ பாரையும் ஐசும் அடுக்கிக்
கொழும்புக்கு ஏற்றினால்
ஹபரணை, தம்புள்ளை தாண்டியும்
குளிர் குளிராகவே கிடக்கும்.
சூட்டையும் இது அப்படித்தான் காக்கும் என்பது
திருக்கடலூர் ஐஸ் பக்டரியில்
பதினாறு வருசம் நின்ற எனக்கு
ஒரு செவ்வாய் இரவுதான் விளங்கிற்று.

ஐஸ் செய்கிற இடத்தில்
சூடான மூலை எதுவென்று
அந்த நாய்க்குத் தெரிந்திருந்தது.
கம்பிரசருக்குப் பின்னால், எண்ணெய்ச் சாக்கில்
ஐந்து போட்டாள்.
மூன்றாம் நாள் மட்டிக்களிச் சந்தியில்
மணல் டிப்பர்.

கண் திறக்கவில்லை, காது ஒட்டியிருந்தது,
ஒவ்வொன்றும் ஒரு கத்தரிக்காய் அளவு.
மிருக வைத்தியர் போனில் சொன்னார்:
முதலில் சூடு, பிறகுதான் பால்.
குளிர்ந்த வயிற்றுக்குள் பால் போனால் செமிக்காது.
பிள்ளையைப்போல் மல்லாத்திப் பிடிக்காதே,
புரைக்கேறும், குப்புறக் கிடத்து.
குடித்து முடிந்ததும்
வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றைத் தடவு.

மூத்திரம் பெய்யக்கூட
ஒருத்தி நக்கிச் சொல்லிக் கொடுக்கவேண்டியிருக்கிறது
உலகத்துக்கு வந்த ஒன்றுக்கு.
தடவினேன்.
என் விரலில் ஐஸ்வாள் கீறின தழும்பு,
அதன்மேல் இளஞ்சூடாய் நாலு துளி.
வேலை முடிந்ததென்று
அவ்வளவு நிம்மதி எனக்கு எந்தச் சம்பள நாளிலும் வந்ததில்லை.

சாரத்தில் சுற்றிய வெந்நீர்ப் போத்தல் இரண்டு,
ஊசி கழற்றிய சிரிஞ்ச் ஒன்று,
இரண்டு மணிக்கொரு தரம்.
மீன் தராசில் நிறுத்து
ஐஸ் பில் புத்தகத்தின் பின்தாளில் எழுதினேன்:
இருநூற்றி எண்பது. இருநூற்றி எண்பத்தைந்து.
வெள்ளைக்கால்: இருநூற்றி அறுபது. இருநூற்றி ஐம்பது.

ஆட்டுப்பால் நசூர்தீன் நானாவுடையது.
கிண்ணியாவிலிருந்து விடிய லொறி கொண்டுவருகையில்
மதிலுக்கு மேல் போத்தலை வைப்பார்.
நாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேணும் அவருக்கு,
அதனால் கிட்ட வரமாட்டார்.
அங்கேயே நின்று கேட்பார்:
"எத்தின?"
"அஞ்சு."

நாலாம் இரவு நான் உறங்கிவிட்டேன்.
எழும்பியபோது போத்தல் ஆறியிருந்தது.
மற்றவை ஒன்றுக்கு மேல் ஒன்றாய் ஏறிக் கிடக்க
வெள்ளைக்கால் மட்டும் மூலையில்.
அந்த உடம்பில் இருந்த குளிர்
எனக்குத் தெரிந்த குளிர்.
தினமும் கட்டி கட்டியாய் விற்கிற குளிர்.

"எத்தின?"
"நாலு."
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாளும் அதே அளவு பால்.

பாலையூற்றில் கொறற்றி அக்காவின் பிரவுணி
இரண்டு குட்டியோடு கிடக்கிறாளாம்.
பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டி, துளை மூன்று போட்டு,
வீதியின் நடுவே படுத்திருந்த மான்களுக்கு மணியடித்துப் போனேன்.
பிரவுணியை வெளியே கூப்பிட்டு
அவள் படுத்த சாக்கால் நாலையும் துடைத்தோம்,
அவளுடையவைக்கு நடுவே செருகினோம்.
அவள் திரும்பி வந்தாள்.
முகர்ந்தாள்.
உறுமல் தொண்டைவரை வந்து
நின்றது.
பிறகு நக்கத் தொடங்கினாள், விடாமல்.
"பாரை மணத்துக்குத்தான்" என்று
கொறற்றி அக்கா வாயைப் பொத்திச் சிரித்தா.
எதுக்கென்றால் என்ன,
நக்கினாள்.

மூன்றை ஏற்றாள். கடைக்குட்டியை மூக்கால் தள்ளினாள்.
திரும்ப வைத்தேன், திரும்பத் தள்ளினாள்.
ஏனென்று அவளிடம்தான் கேட்கவேணும்.
அதைப் பெட்டியில் போட்டுக்கொண்டு
மிதித்து வந்தேன்.

"எத்தின?"
"ஒண்டு."
அவருடைய முகம் போன போக்கைப் பார்த்து
மிச்சம் பாலையூற்றில் என்றேன் அவசரமாய்.
"அத முதல்ல சொல்லப்படாதா மனிசா!"

பெட்டி ஒன்று குறைகிறதே என்றார் முதலாளி.
உடைந்தது என்று எழுதியிருக்கிறேன்.

பதின்மூன்றாம் நாள் இடக்கண் திறந்தது,
பாதிதான், ஆடை படிந்தமாதிரி.
என்னைப் பார்க்கவில்லை,
எதையுமே பார்க்கவில்லை, திறந்திருந்தது.
விடிய மதிலடியில் சொன்னேன்.
நசூர்தீன் நானா போத்தலை வைத்துவிட்டு
எட்டடி தள்ளி நின்று
கண் என்ன நிறம் என்று கேட்டார்.