அறுபத்துமூன்று சதவீதம்

குலுசுக், மீன் கிடங்கு அலுவலகம்.
நான்கு இரவாய் வானத்திலிருந்து
சொட்டுச் சொட்டாய் இறங்கிய இயங்குதளம்
அறுபத்துமூன்று சதவீதத்தில் நின்றது.
புயல். மறுபடி பூஜ்யம்.

நவாரானா திட்டவில்லை.
ரசீதுக் கட்டுகளுக்குப் பின்னால் கைவிட்டு
பழைய டிஸ்க்கை எடுத்தாள்.
கீறலை ஸ்வெட்டரில் துடைத்தாள்,
துடைத்தால் போய்விடும் என்பதுபோல.
உறைமேல் தோபியாஸ் கிறுக்கிய சாவி எண்.
பதினோராவது ஒன்றா, ஏழா?
கேட்கலாம்தான்.
நூக்குக்குப் போனவனின் நம்பர்
இன்னும் அவள் போனில் இருக்கிறது.

ஒன்று அடித்தாள். ஏற்கவில்லை.
ஏழுக்குக் குறுக்குக்கோடு போடக்கூடப்
பொறுமை இல்லாதவன்.
ஏழு.
டிஸ்க் இருமிவிட்டுச் சுழன்றது.

விடியும்போது திரையில்
பத்து வருடப் பழைய நீல வானம்,
அதன் மூலையில் சின்னக் கேள்வி:
புதிய பதிப்பு இருக்கிறது, இறக்கவா?
வெளியே நாய்கள் பசியில் ஊளையிட்டன.
'பிறகு' என்பதை அழுத்திவிட்டு
மீன் கணக்கைத் திறந்தாள்.