ஆயிரத்து நூற்றைம்பத்திரண்டில் நாற்பத்தெட்டு

பிராச் தீவு. நிலப் பதிவகம். இரண்டாவது சன்னல்.
சன்னலுக்குப் பின்னால் நான்.
வெளியே பூரா என்னும் குளிர்காற்று
கடன்காரனைப் போலக் கதவை இடிக்கிறது.
வந்திருப்பவர்கள் இரண்டே பேர்.
நடுவில் ஒரு நாற்காலி காலி.
பதினோரு வருடமாக அவர்கள் எங்கே உட்கார்ந்தாலும்
நடுவில் ஒன்று காலி.

தோப்பு ஒன்றுதான். ஆலிவ் மரங்கள், ஒரு கல்குடிசை,
பாதி சரிந்த மதில்.
பெரினாவின் தாளில் 1/24.
ஜெர்க்கோவின் தாளில் 48/1152.

"நாற்பத்தெட்டு பெரிதா, ஒன்று பெரிதா?
குழந்தையைக் கேளுங்கள்" என்றான் அவன்.
"பொடிப்பொடியாக நறுக்கிவிட்டு
நாற்பத்தெட்டு துணுக்கைக் காட்டுகிறான்.
என்னுடையது முழுத்துண்டு" என்றாள் அவள்.

நான் நீதிபதி இல்லை. பென்சில் வைத்திருப்பவள்.
மேலே இரண்டால் வகுத்தேன், கீழேயும் இரண்டால்:
24/576.
மறுபடி 12/288. மறுபடி 6/144.
3/72.
இனி இரண்டுக்கு இடமில்லை; மூன்றைக் கூப்பிட்டேன்.
1/24.
மேலே எந்தக் கை பட்டதோ
அதே கை கீழேயும் பட வேண்டும்,
சட்டம் அவ்வளவுதான்.
ஒரு பக்கம் மட்டும் தொட்டால்
அதற்குப் பெயர் கணக்கில்லை, களவு.

"பார்த்தீர்களா, ஒரே அளவு" என்றேன்.
பெரினா தலையாட்டினாள்.
ஜெர்க்கோ என் பென்சிலைப் பிடித்துக்கொண்டான்.

"சுருக்காதீர்கள்.
மார்த்தினுக்கு நாலு பிள்ளைகள்.
நாலில் ஒருத்திக்கு ஆறு.
ஆறில் ஒருவனுக்கு மூன்று. மூன்றில் ஒருத்திக்கு இரண்டு.
இரண்டில் ஒருவர் என் அப்பா. நாங்கள் எட்டுப் பேர்.
பெருக்கிப் பாருங்கள்."

பெருக்கினேன். நாலு, இருபத்து நாலு, எழுபத்திரண்டு,
நூற்று நாற்பத்து நாலு,
ஆயிரத்து நூற்றைம்பத்திரண்டு.
இம்மி பிசகவில்லை.

"எனக்கென்று வந்தது அதில் ஒன்றே ஒன்று.
ஏழு, சிலிக்குக் கப்பலேறிய உடன்பிறந்தவர்கள்
எழுதிக் கொடுத்தது.
மீதி நாற்பது, வாரிசில்லாமல் போனவர்களுடையது.
ஒன்றிரண்டு சீட்டாட்டத்திலும் வந்தது, மறைக்கவில்லை.
இருபத்து நாலு என்று எழுதினால்
இவர்களெல்லாம் எங்கே போவார்கள்?"

பெரினா கையுறையைக் கழற்றினாள், மாட்டினாள்.
"அந்த ஆறில் இன்னொருத்தி வழி, நான்.
அவளுக்கு ஒரே மகன். அவனுக்கு ஒரே மகள்.
அவளுக்கு நான்.
ஒன்றால் எத்தனை முறை வகுத்தால் என்ன,
எண் அப்படியேதான் நிற்கும்.
பங்கு குறையவில்லை.
பங்கு கேட்க ஆளும் இல்லை."

பதிவேட்டின் பத்தியில் எல்லாரையும் கூட்ட வேண்டும்.
கூட்ட வேண்டுமானால் கீழ் எண் ஒன்றாக இருக்க வேண்டும்.
அவனைச் சுருக்கலாம்; மற்ற பங்காளிகளின்
ஐந்தும் பதினொன்றும் சுருங்க மாட்டேன் என்கின்றன.
ஆகவே அவளை விரித்தேன்.
மேலே நாற்பத்தெட்டால், கீழே நாற்பத்தெட்டால்.
பெரினா, 48/1152.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள்.
"எனக்கு ஏது இத்தனை பேர்?" என்றாள்.
ஜெர்க்கோ பதில் சொல்லவில்லை.
அவன் எண்ணும் அவள் எண்ணும் மேலும் கீழுமாக,
ஒரே மை.

நவம்பரில் செக்கடியில் நானும் வரிசையில் நின்றேன்.
அவர்கள் தோப்புக்குத் தொண்ணூற்றாறு லிட்டர்.
பங்குப்படி அவளுக்கு நாலு, அவனுக்கும் நாலு.
அவள் ஒரே தகர டப்பாவில் வாங்கினாள்.
அவன் பதினாறு கால்லிட்டர் புட்டிகளில்;
ஒவ்வொன்றின் கழுத்திலும்
சிலியில் ஏதோ ஒரு தெருவின் பெயர்.

பதினேழாவது முகவரி ஒன்று கையில் மிஞ்சியது.
புட்டியும் இருந்தது, எண்ணெய்தான் இல்லை.
பெரினா எதுவும் கேட்காமல் டப்பாவைச் சாய்த்தாள்.

அந்தக் கால் லிட்டரை
எந்தப் பத்தியிலும் நான் எழுதவில்லை.