ஏழு

அவரின் கொம்பியூட்டருக்குள் இருக்கிற கலியாணங்கள்
சில நாள் எனக்குத் திறக்காது.

நடுவில் ஒரு சுவர்தான்.
முன்னறையில் தவறூபன் படங்களை இறக்குவார்,
குசினிக்குப் பக்கத்து அறையில் நான் அல்பம் அடுக்குவேன்.
இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு போல்டர்,
பெயரே 'பொது'.
திங்கள் திறந்தது. செவ்வாய் இல்லை.
புதன் காலை திறந்தது,
கிணற்று மோட்டர் போட்டதும் இல்லை.
வன்னிவிளாங்குளத்துப் பொம்பிளை வீட்டார்
ஐந்து தரம் எடுத்துவிட்டார்கள்.

கயூரன் வந்தான், மல்லாவிச் சந்தியில் போன் திருத்துகிறவன்.
விசிறியைத் தன் பக்கம் திருப்பினான்.
பாஸ்வேர்ட் மாற்றினான், எல்லாவற்றையும் அணைத்துப் போட்டான்,
"சரிவராட்டி போமற் அடிப்பம் அக்கா" என்றான்,
தேத்தண்ணி குடித்தான்.
திறந்தது.
அவன் படலை தாண்டக் கரண்ட் போனது, வந்தது,
மூடிக்கொண்டது.

இரவு கறுப்புச் சாளரத்தைத் திறந்து
அவரின் எண்ணைத் தட்டினேன்.
ஏழு, ஏழு, இருக்கிறாயா?
இருக்கிறேன் என்றது, நாலு தரமும்,
மூன்று மில்லிசெக்கனில்.
இருக்கிறாய் என்றால்
ஏன் திறக்கிறாய் இல்லை?

மனுசன் மேல் சந்தேகப்பட்டதும் உண்டு.
"என்னத்தை மறைச்சு வைச்சிருக்கிறியள்?"
"வன்னிவிளாங்குளத்து மாப்பிள்ளையை" என்று சொல்லிவிட்டுப்
படுக்கப் போய்விட்டார்.

ஒவ்வொன்றாய் அணைத்தேன்.
ரீவி. ஏழு இருந்தது.
அவரின் கொம்பியூட்டரையே அணைத்தேன்.
அப்பவும் ஏழு
இருக்கிறேன் என்றது.
கை மயிர் எழும்பி நின்றது எனக்கு.
அங்கால் பாயில், போர்வைக்குள், ஒரு வெளிச்சம்.
"ஆரணி, போனை நிப்பாட்டு."
ஏழு பேசாமல் போனது.

இவ்வளவு நாளும் நான் தட்டியது மகளின் கதவை.
கரண்ட் வரும்போதெல்லாம் றூட்டர்
வந்த வரிசையில் எண் கொடுத்திருக்கிறது.
போன் நித்திரை கொள்வதில்லை, அதுதான் முந்தும்.
அவரின் கிழட்டுக் கொம்பியூட்டர்
எழும்பி முகம் கழுவி வர
ஒன்பதோ பதினொன்றோதான் மிச்சம்.

றூட்டருக்குள் போய்ப் பார்த்தேன்.
எண்களுக்குக் குத்தகைக் காலமாம்,
இருபத்துநாலு மணித்தியாலம்.
அந்த ஆங்கிலச் சொல்லை இரண்டு தரம் வாசித்தேன்.
எங்கள் வளவுப் பெர்மிற் இதைவிட நீளம்.
சொல்லிச் சிரிக்க ஆளில்லை, அவர் குறட்டை.

இரண்டாயிரத்து ஒன்பதில், நாலு மாதத்தில்,
எனக்குப் பதினொரு முகவரி.
கடைசியாய்க் கூடாரத்திலும் ஓர் எண் எழுதியிருந்தது.
அந்த எண்ணுக்கு ஒரு கடிதம் வந்தது,
எனக்கு முன் அதில் இருந்தவளுக்கு.
பிரித்தேன்.
பிரித்ததை இன்னும் ஒருவருக்கும் சொல்லவில்லை.

நிரந்தரமாய் எண் கொடுக்கும் பக்கம்
ஏழு படி உள்ளே கிடந்தது.
ஐம்பது என்று அடித்தேன். ஏற்றுக்கொண்டது.
நம்பவில்லை நான்.
எழும்பிப் போய் மெயின் சுவிச்சை இறக்கினேன்.
விசிறி நின்றது.
"கரண்ட் போட்டுதோ?" என்றது இருட்டு.
"இல்லை, நான்தான்."
ஏற்றினேன். றூட்டரில் ஒரு பச்சை, பிறகு இன்னொன்று,
மூன்றாவது யோசித்து யோசித்து.
இரண்டு கொம்பியூட்டரையும் எழுப்பிவிட்டுக்
காலை மடித்துக் குந்தியிருந்தேன்.

திறந்தது.
ஆயிரத்து நூற்றுப் பதினாறு படம்.
முதல் படத்தில் பொம்பிளை கண்ணை மூடியிருந்தாள்.

விடிய, பிளாஸ்டர் துண்டில் எழுதி
அவரின் கொம்பியூட்டர் நெற்றியில் ஒட்டினேன்:
50. மாத்தக் கூடாது.
பல் தீட்டிக்கொண்டே ஆரணி வந்து வாசித்தாள்.
"அப்ப என்ர போனுக்கு?"
"உனக்கு எது கிடைக்குதோ அது."