சுண்ணாம்புச் சோதனை

பகாவிலிருந்து ஆலை வரை
நாற்பது நிமிடம்,
மூன்று கழிவறை.
ஏற்றிய செம்பனைக் குலைகளைவிட
இந்தக் கணக்குதான் எனக்கு மனப்பாடம்:
எண்ணெய் நிலையம், ஆ லெக் கோப்பிக்கடை,
சூராவுக்குப் பின்னால் குழாயடி.
அதற்குப் பிறகு
லோரிக்கும் எனக்கும்
கடவுள் விட்ட வழி.

பெருங்குடலில் புண்.
சிரம்பான் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு:
வழக்கமான மாத்திரையோடு
தினம் இரண்டு மஞ்சள் கேப்சூல்.
"பாதிப் பேருக்கு மஞ்சளின் சத்து,
பாதிப் பேருக்குச் சாயமேற்றிய மாவு.
உங்களுக்கு எதுவென்று எனக்கே தெரியாது"
என்றார் மிஸ்ஸி ரொஹாயா.

ஒன்பதாவது வாரம்.
'கறியில் போடுவதற்கு இத்தனை கையெழுத்தா'
என்று சிரித்துக்கொண்டிருந்த தவமலர்
நேற்றிரவு ஒன்றைப் பிளந்தாள்.
வெற்றிலைக் கடையில் கேட்டு வாங்கிய சுண்ணாம்பு,
நகக்கண் அளவு,
தட்டில் குழைத்தாள்.

சிவந்தது.

ஐந்து வருடமாய்ப்
பீங்கானில் பார்த்துப் பயந்த நிறம்.
அதைக் கண்டு நாங்கள் கைகொட்டியது
இதுதான் முதல் தடவை.
ஆரத்தி மாதிரி
தட்டை என் முன் ஒரு சுற்றுச் சுற்றி,
வாசலில் கொட்டாமல்
தொட்டியில் கழுவினாள்.
யாருக்கும் தெரியக் கூடாதே.

இன்று படிவத்தில் கேட்டிருந்தார்கள்,
எது கிடைத்ததாக நினைக்கிறீர்கள் என்று.
'தெரியாது' என்பதில் கோடு போட்டேன்.
பொய்தான்.
முழுப் பொய்யும் இல்லை.
போன வியாழன் மறுபடி ரத்தம்,
வெள்ளி இல்லை,
சனிக்கிழமை கோப்பிக்கடையில் நிறுத்தாமல் போனேன்.
ஆ லெக் கையை ஆட்டினான்.
என்ன கோபமோ என்று
நினைத்திருப்பான்.