குரல் மட்டும் தொடரும்

அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குப் பின்னால்
மாடியறையில் ஒரே ஒரு வரி தட்டினேன்.
நூலகம் இறங்கியது.
கூடவே நான் கேட்காத இருநூற்றுப் பதினாறு பொட்டலங்கள்.
கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால்
வேன் பிடித்து வருவார்களே, அப்படி.

சாவி கொடுத்தேன், டோக்கன் கேட்டது.
டோக்கன் கொடுத்தேன், காலாவதி என்றது.
லேப்டாப் கடிகாரம் ஆறு நிமிடம் பின்தங்கியிருந்ததைக்
கண்டுபிடிக்க ஒரு ராத்திரி போனது.

பிறகு இரண்டு ஜன்னல், இரண்டிலும் நானே.
ஒன்றில் வகிடு இடப்பக்கம், கண்ணாடி போல.
மற்றதில் வலப்பக்கம்,
ஊரார் பார்க்கும் நான்.
போட்டோவில் பார்த்ததுதான்,
தலையாட்டிப் பார்த்ததில்லை.

எதிரொலியை ஒழிக்க மட்டும் இரண்டு நாள்.
டம்ளர் வைக்கும் சத்தம்கூடப் பளிச்சென்று கேட்டது.

சனிக்கிழமை முதல் சோதனை.
செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில்
கணக்கு எழுதும் மாதேஸ்வரி.
மேலே நாகலூரில்
காப்பிக்கொட்டை எடை போடும் தீர்த்தகிரி.
தையில் கல்யாணம்.
இருவருக்கும் பிறந்ததிலிருந்து காது கேட்காது.

நான் துடைத்து வைத்த ஒலியில்
யாரும் எதுவும் சொல்லவில்லை.
கைகள் பேசின, வேகமாக, ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு.

மலையில் மூடுபனி இறங்கியிருக்க வேண்டும்.
இரண்டு கோடு ஒன்றானது.
நூலகம் தனக்குத் தெரிந்த நல்லதைச் செய்தது:
இணைப்பு பலவீனம்.
படம் நிறுத்தப்படுகிறது.
குரல் மட்டும் தொடரும்.

தீர்த்தகிரியின் வலது கை
நெஞ்சுக்கு நேராகப் பாதி வார்த்தையில் உறைந்தது.
அவள் அதை முழு வார்த்தையாகப் படித்துக்கொண்டாள்.
முகம் போன போக்கைப் பார்த்தால்
நல்ல வார்த்தை இல்லை.
உறைந்த கைக்குப் பின்னால்
தகரக் கூரையில் மழை
எனக்குத் துல்லியமாகக் கேட்டது.
எனக்கு மட்டும்.

ஆவணத்தில் எங்கோ அடியில் இருந்தது அந்த அமைப்பு.
முன்னிருப்பு: குரலுக்கே முதலிடம்.
யாரோ நல்லெண்ணத்தில் எழுதியது,
நான் வாசிக்காமல் சரி என்று கடந்தது.

மாற்றினேன்.
ஒலி போகட்டும்.
படம் மங்கட்டும், சுருங்கட்டும்,
நிற்கக் கூடாது.

மறுபடி அழைத்தார்கள்.
தபால்தலை அளவு முகம்,
கட்டம் கட்டமாய் உதிர்ந்த விரல்கள்,
ஆனால் ஓடின.
மாதேஸ்வரி
விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடங்கினாள்.

நாற்பது நிமிடம்.
ஒரு சொல் விடுபடாமல்
முழுத் திட்டையும் வாங்கிக்கொண்டான்
தீர்த்தகிரி.